மூன்றாம் ஜோடி பாக்ஸ்

அப்பா பிளைவுட்டில் செய்த மூன்றாம் ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸுக்கு ஒயர் மாட்டி முடித்த அன்று மத்தியானம், எங்கள் சந்தில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் தறிச் சத்தம் நின்றுபோனது. அதை முதலில் கவனித்தவர் எதிர்வீட்டு ருக்குமணி அக்கா. வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று தலையைத் தூக்கி, கரண்ட் போய்விட்டது என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார், கத்தியது தன் காதிலேயே அவ்வளவு பெரிதாக விழுந்ததில் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு எழுந்து இரண்டு எட்டு நடந்தபோது தறிகள் மறுபடி கடகடவென்று கேட்டன, உட்கார்ந்த இடத்துக்குத் திரும்பியபோது நின்றன, இப்படி அவர் போயும் வந்தும் நடந்துகொண்டிருந்ததை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த நான், காலில் பூண்டுத் தோல் ஒட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்தேன்.

அவர் புருசன் மாதேசு மாமா தறிக்கூடத்திலிருந்து வெளியே வந்தார்.

"கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"தறி ஓடறது உங்கண்ணுக்குத் தெரியலயா?"

"ஓடுது. ஆனா இங்க ஓடுல."

"இங்கன்னா எங்க?"

"இதா, இந்தக் கல்லு மேல நின்னா ஓடுல. அந்தக் கல்லு மேல நின்னா ஓடுது."

மாதேசு மாமா இரண்டு கல்லின் மேலும் மாறி மாறி நின்று பார்த்தார், தலையைச் சொறிந்தார், டிரான்ஸ்பார்மரில் கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். எங்கள் சந்தில் புரியாத எதுவும் டிரான்ஸ்பார்மர் கோளாறுதான்.

எங்கள் ஊர் காவிரியின் இந்தக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே இருக்கிறது, வீட்டுக்கு ஒரு தறிக்கூடமும் கூடத்துக்கு நாலோ எட்டோ விசைத்தறிகளும் உள்ள ஊர், விடிவதற்கு முன்னால் தொடங்கும் சத்தம் ஊர் அடங்கிய பிறகும் அடங்காது. இங்கே பிறந்தவர்களுக்கு அது ஒரு சத்தமே அல்ல, காற்று மாதிரி, நின்றால்தான் தெரியும். கரண்ட் போனால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். நாங்கள் பேசுவதெல்லாம் முகம் பார்த்துத்தான். பேச வேண்டியவர் எதிரில் வந்து நிற்க வேண்டும், உதட்டை நன்றாகத் திறந்து மூட வேண்டும், கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், குரல் வந்தால் வரலாம், வராவிட்டாலும் குறையில்லை. சோறு ஆக்கியாயிற்று, ஊடை நூல் தீர்ந்துவிட்டது, உன் தம்பி வந்திருக்கிறான், வந்ததிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது வரைக்கும் தறிக்கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சத்தமே இல்லாமல் சொல்லிவிடலாம். அந்தப் பேச்சில் நான் கெட்டிக்காரி. குரலால் பேசத்தான் எனக்கு வராது. கல்லூரியில் இயற்பியல் படித்த காலம் முழுக்க நான் சொன்ன எந்தப் பதிலும் முன் பெஞ்சைத் தாண்டிப் போனதில்லை, உட்காரம்மா என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கேட்பார்கள்.

அப்பாவின் பெயர் அர்த்தநாரி. எட்டுத் தறிக்குச் சொந்தக்காரர், எட்டையும் தானே ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை மோட்டார் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போனவர், மழைக்கு ஒரு பாட்டுப்பெட்டிக் கடையில் ஒதுங்கினார். கடைக்காரர் சும்மா இருந்த நேரம், வாங்க உட்காருங்க என்று இவரைத் தரையில் நின்ற இரண்டு உயரமான பாக்ஸுகளுக்கு எதிரே நட்டநடு நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டார். ஒரு பெண் பாடும் நிதானமான பாட்டு. பல்லவி முடிந்து வயலின் அடங்கி, சரணத்தை எடுப்பதற்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கிறாள். அந்தப் பாட்டை அதற்கு முன் எத்தனையோ தடவை ரேடியோவில் கேட்டிருந்தும், பாடுகிறவளும் நம்மைப் போல மூச்சு விடுகிறவள்தான் என்று தனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்பார் அப்பா. மழை விட்டது, கடைக்காரர் பாட்டை நிறுத்தினார், அப்பா ஊருக்கு வந்தார், கல்யாணம் பண்ணினார், என்னைப் பெற்றார், அந்த மூச்சை மட்டும் மறக்கவில்லை. அதை மறுபடி ஒருமுறை கேட்டுவிட வேண்டும், அதுவும் தன் கையால் செய்த பாக்ஸில் கேட்க வேண்டும். அப்பா ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

முதல் ஜோடி அலமாரியில் வைக்கும் அளவு. பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, மூச்சு வருல, பாக்ஸ் பத்துல என்றார். இரண்டாம் ஜோடியை ஸ்டூல் மேல் ஏற்றினார். அதுவும் பற்றவில்லை. மூன்றாவது தரையிலேயே நிற்கிற, அவருடைய நெஞ்சு உயரத்துக்கு வருகிற ஜோடி. முக்கால் இஞ்சு பிளைவுட் பலகைகளை வாங்கி வந்து ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். தேங்காய் மாதிரி கேட்டால் ஆகாது, சுவர் மாதிரி கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பலகையை அறுத்து, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, ஃபெவிகால் தடவி, காயும் வரை பழைய தறி பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவைத்தார். காற்று போய்வரப் பின்பக்கம் பி.வி.சி. பைப் ஒரு துண்டு. உள்சுவர் அதிராமல் இருக்க எல்லோரும் பஞ்சு வைப்பார்கள், இவர் தறியில் மிஞ்சிய கழிவு நூலை வைத்தார், சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக லுங்கி நிறங்கள் அத்தனையும், மூடியபின் யாரும் பார்க்க முடியாத இடத்தில். கீழே கனத்த சத்தத்துக்குப் பெரிய ஊஃபர், நடுவில் சின்னது, மேலே கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர். மூடி முடுக்கி நிமிர்த்தி நிறுத்தியபோது, மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி இருக்குது என்றாள் அம்மா.

பாட்டைப் போட்டார். வலது பக்கத்துப் பாக்ஸ் சரியாக ஓடவில்லை என்று பட்டது அவருக்கு. தறிக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றினால் வருகிற ஒயரில் இரண்டைக் கழற்றி இடம் மாற்றி மாட்டுவது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வைத்தியம், அந்த மாதிரி வலது பாக்ஸின் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினார். ஒரு பாக்ஸ் காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும், இரண்டுக்கும் சரிநடுவில் சத்தம் சத்தத்தைத் தின்றுவிடும் என்று நான் படித்திருக்கிறேன். "ஒயர் மாறியிருக்குங்ப்பா" என்று அப்போதே சொன்னேன். தறிச் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஆனால் நான் படித்த எந்தப் புத்தகத்திலும், பாட்டை விட்டுவிட்டுத் தறிச் சத்தத்தை மட்டும் தின்னும் என்றோ, பாட்டை நிறுத்திய பிறகும் தின்றுகொண்டே இருக்கும் என்றோ, சுவரைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போகும் என்றோ இல்லை.

அது அப்படித்தான் போனது. இரண்டு பாக்ஸுக்கும் நடுவிலிருந்து முன்வாசல் வழியாக இறங்கி, சந்தைக் கடந்து, ருக்குமணி அக்கா பூண்டு உரித்த கல்லின் மேலேறி, மாதேசு மாமாவின் மூன்றாம் தறியை ஊடுருவி, பின்னால் இருக்கும் காலி மனையில் நுழைந்தது. இந்தப் பக்கம் எங்கள் சமையல்கட்டின் நடுவாகப் போய் வாய்க்கால் மேட்டில் ஏறியது. அதற்கப்புறம் ஆற்றுக்குள் இறங்கியதா, ஈரோட்டுக்குப் போய்விட்டதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூபதி ஒரு நாள் பூராவும் காதைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, எல்லை எது என்று கண்டுபிடித்து இரண்டு பக்கமும் கோலமாவால் கோடு போட்டான், நடுவில் இருந்த இடத்துக்கே கோடு என்று பெயராகிப் போனது. மறுநாளிலிருந்து பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது அந்தக் கோட்டையும் புதுப்பித்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்ட வெளியூர்க்காரர்களிடம், அர்த்தநாரி பாக்ஸ் செஞ்சாருங்க, அதுல வந்துச்சு என்றார்கள், கிணறு வெட்டினார், தண்ணீர் வந்தது என்பது போல.

சந்து அதைப் பழகிக்கொண்டது. முன்பெல்லாம் போன் வந்தால் ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்துபோய்த்தான் பேச முடியும். இப்போது கோட்டுக்குள் ஒருவர் பின்னால் ஒருவராக நின்று பேசினார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ரேஷன் கடை வரிசை மாதிரி இருக்கும், ஆனால் வரிசை எங்கேயும் நகராது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். பொண்ணு மாப்பிள்ளைப் பேச்செல்லாம் மாதேசு மாமா வீட்டு நடையில் நடந்தது. பூபதியின் மனைவி, குழந்தை நன்றாகத் தூங்கட்டும் என்று கோட்டுக்குள் தூளி கட்டினாள். வயிற்றிலிருந்தபோதே தறி கேட்டு வளர்ந்த பிள்ளை, போட்டதும் வீறிட்டு அழுதது. பூபதி தன் தறிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வந்து தூளியில் வைத்தான், பிள்ளை தூங்கியது. நிஜத் தறியைத் தின்னும் கோடு போன் தறியை ஏன் விட்டுவைத்தது என்று அன்று முழுக்க யோசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

சங்கடமும் வந்தது. மாமியாரை வைய வேண்டுமென்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வாய்விட்டு வைவதுதான் எங்கள் சந்தில் மருமகள்களின் வழக்கம், உதட்டைப் பார்க்காவிட்டால் ஒன்றும் தெரியாது. பூபதியின் மனைவி ஒருநாள் கோட்டுக்குள் நிற்பதை மறந்துபோய், போன் வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற மாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் செய்துவிட்டாள். மாமியார் முழுவதையும் கேட்டார்.

"இத்தன வருசமா இதத்தான் சொல்லிட்டிருந்தயா நீ?"

"இல்லீங்கத்தை, இன்னைக்குக் கொஞ்சம் கம்மிங்க."

சிரிப்பும் அழுகையுமாக அது ஒரு வாரம் ஓடியது. அதற்கப்புறம் சந்தில் பேச்சே மாறியது. கோட்டுக்குள் கத்த வேண்டியதில்லை என்று ஆனதும் எல்லோரும் மெதுவாகப் பேசப் பழகினார்கள், மெதுவாகப் பேசுவதுதான் மரியாதை என்று ஆனது, முகத்தைப் பார்க்காமல், குனிந்து கீரை ஆய்ந்துகொண்டே, போனை நோண்டிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்கள். என் குரலும் கேட்டது. "ஏ புள்ள, உனக்கு இவ்வளவு நல்ல கொரலா?" என்றார் ருக்குமணி அக்கா. நான் உள்ளே ஓடிவிட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வயதான ஆண்கள், தறியோடேயே வாழ்ந்தவர்கள், கோட்டுக்குள் வந்து நிற்பார்கள், காதைக் கொடுப்பார்கள், ஆகா, ஒண்ணுமே கேக்குல என்பார்கள், சொல்லும்போது பக்கத்தில் நிற்பவனை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தறி நிற்கவில்லை. வெளியே நின்றுபோன சத்தம் அவர்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்ல வெட்கம். எல்லோருக்கும் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்று யார் சொல்வார்கள்?

சொன்னவர் அப்பா ஒருவர்தான். "தறி ஓடிட்டுத்தான் இருக்குது. எல்லாத்துக்கும் என்ன ஆச்சு?" என்று முதல் நாளே கேட்டார். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தார்கள்.

அம்மாவுக்கு இந்தக் கோடு வந்ததில் அவ்வளவு சந்தோசம். சமையல்கட்டில் சரிநடுவில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசங்கிட்டக் கத்திக் கத்தி எந்தொண்ட தேஞ்சு போச்சு. இனிமேலாவது மனுசி மாதிரிப் பேசலாம்" என்றாள். பேசவும் செய்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, இன்றைக்கு என்ன குழம்பு வைக்க என்பதிலிருந்து, தான் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தது வரை. அப்பா பின்னால் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பதில் வராது. ஒருநாள் அம்மாவின் கை தவறிக் குழம்புக் கரண்டி அவருக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நான் துள்ளிவிட்டேன். அப்பா அடுத்த உருண்டையை எடுத்து வாயில் வைத்தார்.

"பாத்தயா" என்றாள் அம்மா என்னிடம், கண் கலங்க. "நாம் பேச ஆரம்பிச்சதும் இவருக்குப் பேச்சு வேண்டாமின்னு ஆயிருச்சு."

"அப்படியில்லம்மா."

"பின்ன எப்படி?"

எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் எப்படிச் சொல்வது? தறிச் சத்தம் இருந்தவரைக்கும் எல்லோரும் அவருக்கு எதிரில் வந்து நின்று உதட்டைக் காட்டினார்கள், அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சத்தம் நின்றபோதுதான் அவர் தன் வீட்டுக் கூடத்திலேயே வெளியூர்க்காரர் ஆகிப்போனார்.

இதற்கிடையில் மாதேசு மாமா சண்டைக்கு வந்தார். அவர் மூன்றாம் தறி கோட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. குறுக்கே நாடா ஓடுகிறது, துணி இறங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. நாடா இழுத்துப்போகும் ஊடை நூல் அறுந்தால் தறியின் தாளம் மாறும், அதைக் கேட்டுத்தான் ஓடிப்போய் நிறுத்துவார்கள். ஊமைத் தறி அறுந்த நூலோடு வெறும் பாவு நூலை அடித்துக்கொண்டே போனது. "எட்டுத் தறியையும் நாங் காதுலதானுங்க பாக்கறேன். இது ஒண்ணு மட்டும் கண்ணுல பாருன்னா நான் என்னத்தப் பாக்கறது?" என்றார். ஒயரை மாற்றி மாட்டினால் கோடு போய்விடும் என்று நான் அம்மாவிடம் சொன்னது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்றார். ஒயரில் எவனாவது கை வைத்தால் நடப்பதே வேறு என்றான் பூபதி. சந்து இரண்டாகப் பிரிந்தது.

அப்பாவுக்கு இரண்டு பக்கமும் கணக்கில் இல்லை. அவர் தினமும் நட்டநடு நாற்காலியில் உட்கார்ந்து அதே பாட்டைப் போட்டார், ஊஃபர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். மூச்சு வருதா என்று வருகிற போகிறவர்களைக் கேட்டார். வருதுங்ணா, நல்லா வருதுங்ணா என்றார்கள். அவர் முகத்தில் ஒன்றும் மலரவில்லை. ஒருநாள் சாக்பீஸை எடுத்து இரண்டு பாக்ஸின் முன்பலகையிலும் பெரிதாக ஒரு வட்டம் வரைந்தார். "வாயி சின்னதாப் போச்சு. அறுத்து அகலப்படுத்தோணும்" என்றார். அந்தப் பலகையில் ரம்பம் விழுந்தால் அது பாக்ஸாக இருக்காது, விறகுதான் என்று எனக்குத் தெரியும்.

சேதி பரவி, எல்லோரும் எங்கள் கூடத்தில் கூடினார்கள். கோடு வேண்டும் என்கிறவர்கள் இடது பாக்ஸ் பக்கம், வேண்டாம் என்கிறவர்கள் வலது பாக்ஸ் பக்கம், நடுவில் அப்பா. எல்லோரும் மரியாதையாக, மெதுவாக, குனிந்துகொண்டு பேசினார்கள். அப்பா ஒவ்வொருவர் வாயாகத் தேடிக்கொண்டிருந்தார், ஒருவர் வாயைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார், சிரித்தவர்களைப் பார்த்து ஒரு கணம் தாமதமாக இவரும் சிரித்தார்.

"பாக்ஸ அறுக்கப் போறீங்கன்னு சொல்றாங்களே, வேண்டாமுங்ணா. சந்தே உங்கள நம்பித்தான் இருக்குது" என்றான் பூபதி தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாமா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று அப்பா கூடமே அதிரக் கத்தினார்.

யாரோ சிரித்தார்கள். நக்கல் பண்றாரு பாத்தயா என்று மாதேசு மாமா முணுமுணுத்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்பா எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வழி தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவரின் பார்வை, பிறகு எழுந்து தறிக்கூடத்துக்குப் போனார். ரம்பம் அங்கேதான் ஆணியில் தொங்கும்.

நான் பின்னாலேயே போனேன். கோட்டை விட்டு வெளியே வந்ததும் எட்டுத் தறியின் சத்தமும் மேலே விழுந்தது, எங்கள் பழைய சத்தம். அவர் ரம்பத்தைக் கையில் எடுத்திருந்தார். நான் போய் எதிரில் நின்று, வாயைத் திறந்து, குரலே இல்லாமல் சொன்னேன்.

"பாக்ஸ் நல்லாருக்குங்ப்பா. உங்களுக்குத்தான் காது கேக்கறதில்ல."

என் உதட்டைக் கடைசி எழுத்து வரை பார்த்தார். அந்த முகம் எத்தனையோ நாளைக்கு அப்புறம் தெளிந்தது, பேச ஆள் கிடைத்துவிட்ட முகம்.

"அது எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றது அவர் உதடு. "ஒயர மாத்தி மாட்டியும் வலது பக்கம் அப்படியேதான் இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு, கோளாறு எங்கன்னு."

"அம்மாகிட்ட ஏன் சொல்லுல?"

"அவ மெதுவாப் பேசறது பாக்கறதுக்கு நல்லா இருக்குது."

நான் அவர் கையைக் காட்டினேன். "தெரிஞ்சும் எதுக்கு ரம்பத்த எடுத்தீங்க?"

"எங்காது கெட்டிருந்தா பாக்ஸு நல்லாருக்குதுன்னு ஆயிருமா? ரண்டுமே கெட்டிருக்கலாமல்ல?"

"நாங்கதான் மூச்சு வருதுன்னு சொல்றோமுங்களே."

"வருது வருதுன்னு எல்லாரும்தான் சொல்றீங்க. எப்படி வருதுன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. இதை எப்படிச் சொல்வது? வார்த்தையில் அது அடங்காது. நான் தோளை உயர்த்தினேன், கழுத்துக்குழி உள்ளே போக, அவள் இழுக்கிற மாதிரியே மெதுவாக, வயலின் அடங்கும் வரை பொறுத்திருந்து, மூக்கால் தொடங்கி வாயால் முடித்து, மூச்சை இழுத்து நிறுத்தினேன். அப்பா என் கழுத்தையே பார்த்தார். காத்திருந்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தாழ்ந்தது.

"அவ்வளவுதானா?"

ரம்பத்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார்.

அவ்வளவு இல்லை. மூச்சின் கடைசியில் ஒன்று இருந்தது, மேல்படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, இல்லாமல் தடுமாறுவது போல ஒரு சின்னத் தடங்கல், இருமலும் இல்லை விக்கலும் இல்லை. அது அப்பாவின் பாக்ஸில் இருக்கும் ஏதோ ஒரு குறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ருக்குமணி அக்காவும் அப்படித்தான் நினைத்தார், அம்மாவும், பூபதியும்; பாவம், இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறார், அதைப் போய்ச் சொல்வானேன் என்று சந்தே, கூடிப் பேசி வைக்காமலே, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்ப்பா, ஆனா அது..." என்று தொடங்கி, உதட்டால் சொல்லத் தெரியாமல், மறுபடி முதலிலிருந்து மூச்சை இழுத்து, கடைசியில் நெஞ்சைத் தடுக்கவைத்தேன்.

அப்பாவின் கை என் தோளைப் பிடித்தது, வலிக்கிற அளவுக்கு.

"அது வருதா?"

"முதல் நாள்ல இருந்து வருதுங்ப்பா."

"ஏன்டீ அதச் சொல்லுல?" என்று வாய்விட்டே கத்தினார், தறிச் சத்தத்தில் அதுவும் வெறும் உதடாகத்தான் எனக்கு வந்தது. "அதுக்குத்தான மூணு ஜோடி செஞ்சேன்!"

முதல் ஜோடியிலும் அது லேசாக வந்தது என்று எனக்கு அப்போது நினைவு வந்தது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று நிற்கும்போதே அவர் ரம்பத்தை ஆணியில் மாட்டிவிட்டார்.

"ஒயர மாத்தி விடற ரிவர்ஸ் சுவிட்சு ஒண்ணு போட்டுட்டா வேணுங்கறப்பக் கோடு, வேண்டாங்கறப்பத் தறி, ரண்டு பேருக்கும் ஆச்சு" என்றார், என்னவோ பெரிய சிக்கலை எல்லோரும் அவரிடம் கொண்டுவராதது போல. "பாக்ஸ யாரும் தொடக் கூடாது. உங்கம்மாள மூஞ்சியக் காட்டி மெதுவாப் பேசச் சொல்லு. இப்ப இன்னொருக்கா இழு."

இழுத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே தன் தோளையும் உயர்த்தினார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம், சரியான இடத்தில் தடுக்கினோம், இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று அவர் கையால் காட்டினார், மறுபடி இழுத்தோம். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, தலை கிறுகிறுத்தது. உள்ளே காத்திருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று பார்க்க ருக்குமணி அக்காவை அனுப்பியிருந்தார்கள், அவர் வாசலில் வந்து நின்று, கையை விரித்து, தறிக்கூடத்துப் பேச்சில் கேட்டார்:

"அப்பனும் மகளும் கெண்டை மீனாட்டம் வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு என்ன பண்றீங்க?"

அப்பா அவருக்குப் பதில் சொல்லவில்லை. இன்னொருக்கா என்று எனக்குக் கை காட்டினார். நாங்கள் இழுத்தோம், வாசலில் நின்ற ருக்குமணி அக்காவும், எதற்கென்று தெரியாமலே, எங்களோடு சேர்ந்து ஒரு மூச்சை இழுத்துப் பார்த்தார்.